இருட்டடிப்பு

எஸ்பன்யோலாவில் குரோமைப் பழிப்பது
மாதா கோயிலுக்குள் தொப்பியோடு நிற்பது மாதிரி.
ஞாயிறு மாலை, பெரிய தெருவில்
வயிறு தரையில் உரச ஊர்ந்து போகும் பழைய வண்டிகள்,
அவற்றின் பம்பரில் முகம் பார்த்துத்
தலை வாரிக்கொள்ளும் பிள்ளைகள்.
இந்த ஊரில்தான் நான்
பளபளப்பைக் கொன்று பிழைக்கிறேன்.

வருகிறவர்களுக்கு எல்லாம் இருபது வயது.
"ஓநாய் மாதிரி இருக்கணும்" என்பான் ஒருவன்.
"போலீஸ் வண்டி மாதிரி" என்பான் இன்னொருவன்,
போலீஸைக் கண்டால் சந்துக்குள் திரும்புகிறவன்.
பாதி முன்பணம் தருவார்கள்.
மீதியை மறந்து போவார்கள்.

யூஃபேமியா லுசேரோவுக்கு ஐம்பத்து மூன்று.
பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, விரலில் வெங்காய வாசம்.
வெள்ளைக் கார், எட்டு வருடப் பழசு, ஒரு கீறல் இல்லை.
"மினுங்குவது எல்லாம்" என்றாள்.
முன்வலையா, சின்னமா, சன்னல் ஓரமா என்று கேட்டேன்.
"மினுங்குவது எல்லாம்."

வெள்ளிக்கிழமை தொடங்கினேன்.
வெள்ளியை மறைக்க அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?
பின்கதவில் இருந்த பெயரைப் பெயர்த்தேன்:
முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி,
மீன்பிடி நரம்பை எழுத்துக்கு அடியில் கொடுத்து
இப்படியும் அப்படியும் அறுக்க,
பால்பல் மாதிரி ஒவ்வொன்றாகக் கையில் விழுந்தன.
எடுத்த இடத்தில் எட்டு வருட வெயில் படாத வெள்ளை.
பெயர் போன பிறகும் பெயரைப் படிக்க முடிந்தது.
மெழுகு போட்டுத் தேய்த்தேன்.
முழுதாகப் போகவில்லை.

முன்பக்கச் சின்னம் அசையவில்லை.
அமதேயோவின் சீட்டுக்கட்டைப் பிரித்து
அதைச் சுற்றிச் செருகினோம்.
ஐந்து பூச்சு இருட்டு அடித்தேன்.
முதல் பூச்சு தூசியைப் போல் விழவேண்டும்,
அவசரப்பட்டால் அழுத மாதிரி வடியும்.
சீட்டுகளை உருவியபோது
ஆர்ட்டின் ராணி இஸ்பேட் ஆகியிருந்தாள்.
அமதேயோவுக்கு ஒரு புதுக்கட்டு, என் கணக்கில்.

காலையில் வரச் சொன்னேன்.
வந்தது மாலை ஆறு பத்துக்கு.
வண்டியை மேற்கே பார்க்கத் திருப்பி நிறுத்தச் சொன்னாள்.
மேட்டு நிலத்தின் விளிம்பில்
சூரியன் உட்கார்ந்திருந்த நேரம்.
உள்ளே ஏறி, ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்து,
கிளப்பாமல், அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
கடையைப் பூட்டும் நேரம்
ஆகிவிட்டதென்று நான் இருமினேன்.

கண்ணாடியை இறக்கி "இது" என்றாள்.
கியர் கம்பியைச் சுற்றி, மோதிரம் போல் ஒரு வளையம்.
நான் விட்டது.
அதில் ஒரு துளி சூரியன்
நேராக அவள் கண்ணுக்கு.

"அன்றைக்கும் இதே நேரம்.
ஒரு வெட்டு வெட்டியது. அப்புறம் சைக்கிள் மணி."
கையை விரித்து ஒரு சாண் காட்டினாள்.
"நடுவில் இவ்வளவுதான் இருந்தது.
அந்தப் பையன் என்னைப் பார்த்து ஸாரி சொன்னான்.
மதியம் தட்டோடு வரிசையில் வருகிறான்.
ஒரு கரண்டி கூடப் போடுகிறேன்."

சின்னத் தூரிகை எடுத்து வந்தேன்.
அவள் இறங்கவில்லை.
முழங்கால் ஒதுக்கி இடம் தந்தாள்.
என் விரல் நடுங்கி
வளையத்துக்கு வெளியேயும் கொஞ்சம் பட்டது,
துடைத்தேன்.

வழக்கம்போல் சொன்னேன்: மூன்று வருடம் தாங்கும்.
"அப்புறம்?"
நகத்தால் பிடித்து இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வரும்,
அடியில் வெள்ளி அப்படியே இருக்கும்.
சொன்ன பிறகுதான்
சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது.

சில்லறை நோட்டுகளாக எண்ணி வைத்தாள், முழுப்பணம்.
மூலையில் விளக்குப் போட்டுத்
திரும்பிப் போனாள், வீடு கிழக்கே போல.

அடுத்த வாரம் மூன்று பையன்கள்.
"அந்த வெள்ளை வண்டி யாருது? சும்மா மிரட்டுது.
எங்களுக்கும் அதே மாதிரி,
உள்ளே கியர் வளையம் வரைக்கும்."
வளையத்துக்குத் தனி விலை என்றேன்.